டேங்க் மூடியில் வைத்த பொட்டு

பழைய பைக் ஏதாவது வழியில் நின்று நின்று ஓடினால் நான் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத்தான் தடவிப் பார்ப்பேன். பனியன் கம்பெனி, செங்கல் சூளை, கோழிப்பண்ணை என்று ஊர் ஊராகப் போனதில் யார் யாருடைய வண்டிக்கோ இப்படி வைத்தியம் பார்த்திருக்கிறேன். பொம்பளைக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அப்பா செய்ததைப் பார்த்தது என்பேன்.

அப்போது நாங்கள் கல்வராயன் மலைமேல் இருந்தோம். நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம்தான் அப்பா கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு பழைய பைக்கை வாங்கி வந்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வண்டி. அம்மா அதை மாட்டைப் போலத்தான் பார்த்துக்கொண்டாள். ஆயுதபூஜை அன்று அதைக் கழுவித் துடைத்து, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, பெட்ரோல் ஊற்றும் மூடியின்மேல் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள்.

"தின்னுற வாய்க்குத்தான் மொதல்ல பொட்டு வெக்கணும்" என்றாள். அவளுக்கு வயிறு பெரிதாக இருந்தது. குனிய முடியாததால் சக்கரங்களுக்கு என்னை வைக்கச் சொன்னாள்.

பூஜை முடிந்த சில நாளில், மாதம் நிறையும் முன்பே, காலையில் அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. பஸ் அப்போதுதான் போயிருந்தது. போனுக்கு டவர் கிடைக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் கூலி வேலைக்குக் கேரளாவுக்குப் போயிருந்தார்கள். அப்பா அம்மாவைப் பைக்கின் பின்னால் உட்கார வைத்து, ஒரு பழைய புடவையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். என்னை விட்டுப்போக ஆளில்லாததால் டேங்க் மேல் ஏற்றிக்கொண்டார். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அம்மா வைத்த பொட்டு என் பாவாடைக்கு அடியில் இருந்தது.

மலையிறக்கம் வரும்வரை மேலேயே ஏற்றமும் இறக்கமுமாக நிறைய தூரம் போகவேண்டும். கொஞ்ச தூரம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஒரு ஏற்றத்தில் இருமியது, தளர்ந்தது, நின்றது. அப்பா உதைத்து உதைத்துப் பார்த்தார். சற்று நிறுத்தி மறுபடி உதைத்ததும் கிளம்பியது. அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் நின்றது.

அப்பா புடவையை அவிழ்த்து அம்மாவை ஒரு பாறைமேல் சாய்த்தார். வண்டியை ஆட்டினார். டேங்குக்குள் களக்களக்கென்று சத்தம் கேட்டது. பெட்ரோல் இருக்கிறது. அந்தச் சத்தத்தை நம்பியதால் மூடியைத் திறக்க அவருக்குத் தோன்றவில்லை. பிளக்கைக் கழற்றினார். காய்ந்து வெள்ளையாக இருந்தது. அதை இன்ஜின்மேல் வைத்துக் கிக்கரை உதைத்தார். நெருப்பு வந்தது. "நெருப்பு வருது, எண்ணெதான் வர மாட்டேங்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கார்பரேட்டருக்குப் போகும் டியூபை உருவினார். பெட்ரோல் சொட்டிச் சொட்டி நின்றது. டியூபை வாயில் வைத்து ஊதி மாட்டினார். வண்டி கிளம்பியது. அம்மாவை ஏற்றிக் கட்டினார். அந்த வளைவு தாண்டுவதற்குள் மறுபடியும் நின்றது. அம்மாவை இறக்கி ரோட்டோரத்தில் உட்கார வைத்தார்.

"மலை முனை வரைக்கும் வந்துட்டா போதும், உருட்டிக்கினே எறங்கிடலாம்" என்றார். யாரிடம் கெஞ்சினார் என்று தெரியவில்லை.

மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு ஒருவர் எதிரே நடந்து வந்தார். "இன்னா மச்சான், வண்டிக்கு இடுப்பு வலியா?" என்று சிரித்தபடியே கிட்டே வந்தவர், அம்மாவைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே போட்டுவிட்டார். தன் தண்ணீர் பாட்டிலை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "தள்ளு, நானும் தள்றேன்" என்றார். ஏற்றத்தில் இரண்டு பேர் தள்ளியும் பிரயோசனமில்லை.

கடைசியில்தான் அப்பா டியூபை மறுபடி உருவிவிட்டு, சாவியைப் போட்டு மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று சத்தம் வந்தது. உருவிய டியூபில் பெட்ரோல் கொட்ட ஆரம்பித்தது. மூடினார், மெல்ல நின்றது. திறந்தார், கொட்டியது. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் காற்று உள்ளே போக ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு; அது அடைத்தால் பெட்ரோல் கீழே இறங்காது. சந்தனம் அதற்குள் இறங்கிக் கல்லாகக் காய்ந்திருந்தது.

அப்பா அம்மாவிடம் போய் அவள் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கேட்டார்.

"இன்னாய்யா ஆச்சு வண்டிக்கி?" என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"கார்பரேட்டர்ல அழுக்கு. ஜெட்டு ஓட்டைய குத்தணும். நான்தான் கழுவாம வுட்டுட்டேன்."

திரும்பி வந்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மூடி ஓட்டையைக் குத்தினார். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மிச்சப் பொட்டையும் வேட்டியால் துடைத்தார். மூடியைப் பிடித்துக்கொண்டிருந்த நான், "அப்பா, பொட்டு…" என்றேன். "வாய மூடிக்கினு ஏறுடி" என்றார். அவசரத்தில் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான், அழவில்லை. "கொஞ்சம் முன்ன வந்திருக்கக் கூடாதா?" என்றார் நர்ஸம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபிறகு அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சோறு போடும்போது சொல்வாள், விறகு ஒடிக்கும்போது சொல்வாள். "கார்பரேட்டரக் கழுவ ஒடம்பு வணங்கல. ஒரு புள்ளய முழுங்கிட்ட." உறவுக்காரர்கள் எதிரிலும் சொன்னாள். அப்பா ஒவ்வொரு முறையும் "ஆமா, என் தப்புதான்" என்று எழுந்து போய்விடுவார். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அம்மாவுக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்கு அவர்மேல் இளக்காரமாக இருந்தது.

அடுத்த ஆயுதபூஜைக்கு அம்மா தட்டோடு வெளியே வருவதற்குள் அப்பாவே வண்டிக்குப் பொட்டு வைத்து முடித்திருந்தார். முன்விளக்கில் மட்டும், சின்னதாக.

"ஏன், என் கை பட்டா ஆவாதா உன் வண்டிக்கி?" என்றாள் அம்மா. "உனுக்கு எதுக்கு அந்த வேல" என்று சிரித்தார். அம்மா தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. நான் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டேன்.

அந்த வண்டி இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கார்பரேட்டரைக் கழற்றுவார். நிழல் பின்பக்கம்தான். ஆனால் வாசலில், வெயிலில், அம்மா அரிசி புடைக்கும் இடத்துக்கு நேரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாகப் பெட்ரோலில் கழுவி, ஊக்கால் குத்தி, ஊதி ஊதிப் பார்ப்பார். கொஞ்சம்கூட அழுக்கு இருக்காது. அம்மா பார்த்து முகத்தைச் சுளிப்பாள். அழுக்கே இல்லாத ஒன்றை இந்த மனுஷர் எதற்கு வாரம் தவறாமல் கழுவுகிறார் என்று, பக்கத்தில் உட்கார்ந்து நானும் சலித்துக்கொள்வேன்.