பக்கிளுக்கு வைத்த பொட்டு

சீட் பெல்ட் விஷயத்தில் எனக்கு ஊரில் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு. வேங்கிக்கால் போகிற சாலையில் பதினோரு வருடமாகக் கார் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்துகிற சத்தத்தை மட்டும் நிறுத்திக் கொடு என்று வருகிறவர்களை நான் கடைக்குள்ளேயே விடுவதில்லை. "மெக்கானிக் எங்கம்மா?" என்று என்னிடமே கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற அதே குரலில்தான் அவர்களுக்கும் சொல்லி அனுப்புவேன்.

ஆயுத பூஜைக்கு மூடிய கடையை நான்கு நாள் கழித்துத் திறந்த அன்று முதல் ஆளாக வந்தவர் கீழ்பென்னாத்தூர்க்காரர். ஐம்பதைத் தாண்டியவர். சொந்தக் காரை ஓர் அலுவலகத்துக்கு மாத வாடகைக்கு விட்டு, அவரே ஓட்டுகிறார். அவர் பெல்ட் போட்டிருந்தும் வண்டி கத்துகிறது. பின்சீட்டில் உட்காரும் அதிகாரிக்குப் பாதி வேலை போனில்தானாம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்திருக்கிறார். நாளைக் காலை பத்து மணிக்கு ஆய்வுக்குக் கிளம்பும்போதும் கத்தினால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக அந்த அதிகாரி சொல்லிவிட்டார். இவரோ நிலத்தைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு இந்த ஒரு வண்டியை நம்பி வந்த மனிதர். வேறு ஒரு கடையில் ஒயரை அறுத்து முறுக்கிவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்றார்களாம். அவருக்கு மனசு ஒப்பாமல் என்னிடம் வந்திருக்கிறார். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

பேட்டரியைக் கழற்றி, ஏர்பேக் தவறி வெடித்துவிடாமல் இருக்கக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டரைப் பிரித்தேன். பெல்ட்டின் நாக்கு போய் மாட்டுகிற பெட்டியை பக்கிள் என்போம். அதற்குள் ஒரு சின்ன சுவிட்ச். அந்த வண்டியில் நாக்கு உள்ளே போனால் இணைப்புச் சேர வேண்டும், வெளியே வந்தால் பிரிய வேண்டும். இணைப்பு இருந்தால் கூவுகிற மீட்டரை வைத்தேன். நாக்கைச் செருகியும் மீட்டர் வாயைத் திறக்கவில்லை.

பக்கிள் போச்சு என்று அப்போதே சொல்லிவிட்டேன். புதுசு சென்னையிலிருந்து வர மூன்று நாள் ஆகும் என்றும் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

அவர் முகம் விழுந்துவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்த ஒயரையே முறுக்கி விட்டுடுங்கம்மா. சத்தியமா நான் பெல்ட் போடாம ஓட்ட மாட்டேன்."

அவர் சொல்வது உண்மை என்று தெரிந்தது. அதனால்தான் கோபம் வந்தது. பொய் சொல்கிறவரை விரட்டிவிடலாம், இவரை என்ன செய்ய? முடியாது என்றேன். சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பாமல் ஒயரையும் ஒரு முறை பார்த்தேன். அதிலும் இணைப்பு இல்லை என்றது மீட்டர். நாலு வருட வண்டியில் ஒரே நேரத்தில் இரண்டு கோளாறா? ஒரு நல்ல ஃபியூஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதுவும் செத்துவிட்டது என்றது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டேன். எந்த மீட்டராக இருந்தாலும் அப்போது கூவ வேண்டும். என்னுடையது கம்மென்று இருந்தது. வேலையை ஆரம்பிக்கும்போதே செய்ய வேண்டிய சோதனை இது. அன்றைக்குப் பார்த்து, அவர் என்னைத் தேடி வந்த பெருமையில், செய்யவில்லை.

மீட்டரைத் திருப்பிப் பார்த்தேன். பூஜையன்று நானே வைத்த மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அதில் ஒன்று வழிந்து, ஒயர் செருகும் துளைக்குள் போய்க் காய்ந்திருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. ஊசியால் சுரண்டி, க்ளீனர் அடித்துத் துடைத்த பிறகு கூவியது. இப்போது ஃபியூஸ் சரி, ஒயர் சரி. பக்கிள் மட்டும் பேசவில்லை. இந்த முறை நான் வாயைத் திறக்காமல் டார்ச்சை எடுத்து அதன் வாய்க்குள் அடித்தேன். உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது.

"அண்ணா, பூஜைக்கு இதுக்கும் பொட்டு வெச்சீங்களா?"

இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். "ஸ்டியரிங்குக்கு வெக்கிறோம், டயருக்கு வெக்கிறோம். உயிரைக் காப்பாத்துறது இதுதானேம்மா. இதுக்கு வெக்காம விடுவேனா?"

பதினோரு வருடமாக பெல்ட்டை மதியுங்கள் என்று கத்திக்கொண்டிருக்கிறேன். நிஜமாகவே மதிக்கிற ஒரு மனிதர் வந்து நின்றபோது அவரை எப்படித் திட்டுவது? மீட்டர் விஷயத்தை நான் மறைத்திருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது. எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு பேருமே சந்தனத்துல தண்ணி ஜாஸ்தியா ஊத்திக் கொழச்சிட்டோம்மா," என்றார். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

பக்கிளைக் கழற்றிச் சுத்தம் செய்து, காயவைத்து, மாட்டினேன். நாக்கைச் செருகினால் மீட்டர் கூவியது, எடுத்தால் நின்றது. இருபது தடவை பார்த்தேன். என் வேலையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. இருந்தாலும் நாளைக்குக் கிளம்பும்போது ஒரு போன் பண்ணச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் பத்து மணிக்கு இன்னொரு வண்டிக்கு அடியில் இருந்தேன். போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை. நின்ற இடத்திலேயே என்ஜின் ஓடுகிற சத்தம் மட்டும். என்ன ஆச்சு என்று இரண்டு முறை கேட்டேன்.

"கேக்குதாம்மா?" என்றார் குரலைத் தாழ்த்தி.

"ஒண்ணும் கேக்கலையேண்ணா."

"அதாம்மா," என்றார். பின்சீட்டிலிருந்து ஒரு குரல், "போலாம்பா," என்றது.