ஸ்பீக்கரில் பேசியவர்

1. அவனியாபுரத்தில் ஊரே பயப்படும் ஒரு பெரிய மனிதரின் வீட்டில் கேமரா பொருத்தப் போனேன்.
2. கடைசிக் கேமராவைத் தன் டிரைவரின் அறைக்குள் வைக்கச் சொன்னார்.
3. எனக்கு ஏணி பிடிக்க வந்தவர் அந்த டிரைவர்தான்.

நாற்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய மீசை. போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அவர் மனைவி, "எப்பங்க வீட்டுக்கு வாரீக?" என்றது வாசல்வரை கேட்டது. "அண்ணன் விடும்போது வாரேன்" என்றார்.

ஒருவர் தூங்கும் அறைக்குள் கேமரா வைக்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கேமராவைக் கதவுப் பக்கம் திருப்பினேன்.

"கட்டிலும் தெரியணும் தங்கச்சி" என்றார் டிரைவரே.

"தூங்குறதயுமாண்ணே பாப்பாரு?"

"பாக்கட்டும். நான் குறட்டை விட்டாத்தான் அவருக்குத் தூக்கமே வரும். எனக்கு முன்னால இருந்தவன் ஒரே ஒரு போனை மொட்டமாடியில போய்ப் பேசினான். அம்புட்டுத்தான், அண்ணனுக்குச் சந்தேகம் வந்துருச்சு. அவன் பொண்டாட்டி இன்னமும் தேடுது."

கட்டில் முழுவதும் தெரியும்படி வைத்துக் கொடுத்தேன். "இப்பத்தான் நிம்மதி" என்று சிரித்தார்.

போன மாதம் சர்வீசுக்குப் போனபோது அந்த அறையில் வேறொரு டிரைவர் இருந்தார். பழையவர் எங்கே என்று வாசலில் நின்றவரிடம் கேட்டேன். "யாரச் சொல்ற?" என்றார்.

எதையுமே ஒளிக்காத மனிதர்மேல் என்ன சந்தேகம் வந்திருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. அவரைப் பற்றித் தகவல் இல்லை. அந்த வீட்டுக் கேமராக்களை இன்னும் நான்தான் பராமரிக்கிறேன்.