தூக்கிப் போக முடியாத கம்ப்யூட்டர்

போன வருஷம் மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் கடையில் நடந்தது இது. கடையில் நடந்தது ஒரு மத்தியான நேரம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மாதமாகவே என் மனசுக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர் இண்டூர் தாண்டி, பென்னாகரம் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் மாடு பார்ப்பதில் எங்கள் பக்கத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆம்பளைகளே சந்தைக்கு என்னைக் கூட்டிப் போவார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பேன், நடக்கவிட்டுப் பார்ப்பேன், ரெண்டு வேளை கறந்து பார்ப்பேன். சாயந்திரம் ஒரு வேளை, மறுநாள் காலையில் ஒரு வேளை. விற்கிறவன் எத்தனை சத்தியம் பண்ணினாலும் ரெண்டு வேளை கறக்காமல் கயிறு மாற்ற விடமாட்டேன். அவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்ள வேண்டும், நாங்கள் கொண்டுபோன புதுக்கயிற்றைக் கட்ட வேண்டும். அப்போதுதான் மாடு கைமாறியது என்று அர்த்தம்.

வீட்டில் நானும் மருமகளும்தான். மகன் லாரி ஓட்டுகிறான். வடக்கே போனால் திரும்பிவர இருபது நாள் ஆகும். மருமகள் கட்டட வேலைக்குப் படித்தவள். இனிமேல்தான் கட்டப்போகிற வீடு, கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாக வரைந்து கொடுப்பாள். சுவர், சன்னல், வாசலில் ஒரு செடி உட்பட அப்படியே தெரியும். தர்மபுரியில் ஒரு இஞ்சினியர் ஆபீஸிலிருந்து அவளுக்கு வேலை வரும்.

அவளுடைய பழைய கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. ஒரு படம் வருவதற்குள் நான் ரெண்டு மாட்டையும் கழுவிக் கட்டிவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாள் களி கிளறிக்கொண்டே சொன்னாள், "கேமிங் லேப்டாப் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேங்க அத்தை."

"அப்படீன்னா?"

"வெளயாடறதுக்குன்னு செய்யறதுங்க. ஆனா நான் வெளயாட இல்லீங்க. அதுல படம் வரையற சக்தி ஜாஸ்தி."

விளையாடுவதற்குச் செய்த பொருளில் வேலை செய்யப் போகிறாளாம்! எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் விழுந்தது.

இவ்வளவு நாள் இருந்தது மேசையில் வைக்கிற கம்ப்யூட்டர்தானே, அதே மாதிரி ஒன்றை வாங்கலாமே என்று கேட்டேன். "லேப்டாப்னா எங்க வேணா எடுத்துட்டுப் போலாங்க அத்தை" என்றாள். எங்கே எடுத்துப் போகப் போகிறாள்? கேட்கவில்லை. கேட்டால் எனக்குச் சந்தேகம் விழுந்தது அவளுக்குத் தெரிந்துவிடும். சந்தையில் நான் அப்படித்தான். வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருப்பேன்.

கண்ணைத் திறந்தால் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்னாலேயே முதுகில் மாட்டுகிற பை ஒன்று வந்துவிட்டது. இன்னொரு நாள், மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது பேச்சோடு பேச்சாக, "இந்த ரெண்டையும் கொஞ்ச நாளைக்குப் பக்கத்து வூட்டுல பாத்துக்குவாங்களாங்க அத்தை?" என்றாள். "ஏன், மாட்டுக்கு என்ன வந்துச்சு?" என்றேன். "சும்மா கேட்டேங்க" என்று போய்விட்டாள். சும்மா யாராவது மாட்டைப் பற்றிக் கேட்பார்களா?

அப்புறம் அந்த போன் பேச்சு. நான் சோளத்தட்டுக் கட்டோடு வருகிறேன், அவள் மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் நின்று பேசுகிறாள். "கீழ் வூடா இருக்கணுங்க. மாடி வேணாங்க. ஒக்கார்ற மாதிரி கக்கூஸ் இருந்தாத்தான் சரிப்படும். பஸ் ஸ்டாண்டுலருந்து ரொம்ப நடக்கக் கூடாது." எதிர்ப்பக்கம் என்னவோ கேட்டிருக்கிறார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இல்லீங்க, அத்தைகிட்ட இன்னும் சொல்லல" என்றாள்.

தலையில் இருந்த கட்டு கனத்ததா, மனசு கனத்ததா என்று தெரியவில்லை. தனிக்குடித்தனம்! டவுனில் வீடு பார்க்கிறாள். உட்காருகிற கக்கூஸ் கேட்கிறது மகாராணிக்கு. மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்ப ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் போன பிறகு, இவள் வருகிற வரைக்கும் நாலு வருஷம் நான் அந்த வீட்டில் தனியாக இருந்திருக்கிறேன். மாட்டோடுதான் பேச்சு. மறுபடியும் அதுவா என்று ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தேன். பயம் என்று அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். கோபம் என்றுதான் பேர் வைத்திருந்தேன்.

ஒன்று முடிவு பண்ணினேன். மேசைக் கம்ப்யூட்டர்தான் வாங்க வேண்டும். அது பெட்டி தனி, திரை தனி, அடியில் பாம்பு மாதிரி ஒயர். அதைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வீட்டை விட்டுப் போக முடியாது.

பணம் அவள் சம்பாதித்தது. அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் பெரிய பொருள் எது வந்தாலும் நான் பார்த்துத்தான் வர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வழக்கத்தை வைத்ததும் நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமை கடைக்குக் கீழே வந்ததும் மருமகள் படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அத்தை, நீங்க கீழயே டீக்கடையில ஒக்காருங்க. நான் மேல போயி வீடியோவுல காட்டறேன்." என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறாள் என்று விறுவிறுவென்று ஏறினேன். எனக்கு வலது முட்டியில் ரொம்ப நாளாக வலி. யாரிடமும் சொல்வதில்லை. அதற்கு முந்தின தீபாவளிக்கு மகன் ஆபரேஷன் என்று ஒரு வார்த்தை எடுத்ததற்கு, சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ரெண்டு நாள் பேசாமல் இருந்தவள் நான். பத்தாவது படியில் அவள் என் முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்தாள். உதறிவிட்டேன்.

கடைக்காரருக்கு முன்மண்டை வழுக்கை. "வாங்க ஆயா, பேரனுக்கு வாங்கறீங்களா?" என்றார்.

"யாருக்கு யாரு ஆயா? ஒனக்கும் எனக்கும் பத்துப் பதினஞ்சு வயசு முன்னப் பின்ன இருக்கும். அம்மான்னு கூப்புடு."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த ஆள் அதற்கப்புறம் கடைசி வரைக்கும் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

ரெண்டையும் எடுத்து வைத்தார். லேப்டாப் கன்னங்கரேல் என்று இருந்தது. எழுத்துப் பொத்தானுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மேசைக் கம்ப்யூட்டரின் பெட்டியில் ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே திருவிழா ராட்டினம் மாதிரி கலர் விளக்கு சுற்றியது. நான் லேப்டாப்பை உற்றுப் பார்த்தேன். ஒரு பொத்தானில் எழுத்து தேய்ந்திருந்தது. விட்டேனா?

"ஏப்பா, பல்லு தேஞ்ச மாட்ட இளங்கன்னுன்னு விக்கிறயா?"

"ஐயோ அம்மா, அது பாக்கறவங்களுக்காகத் தொறந்து வெச்சதுங்க. உங்களுக்குத் தர்றது உள்ள சீல் பிரிக்காம இருக்கு" என்று அட்டைப்பெட்டியையே கொண்டுவந்து காட்டினார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. அவர் ஏமாற்றியிருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

"சரி, ரெண்டையும் கறந்து காட்டு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மருமகள்தான் எடுத்துச் சொன்னாள். அவள் கொண்டுவந்திருந்த ஒரு வீட்டுப் படத்தை ரெண்டிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். ஸ்டூல் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். லேப்டாப் கொஞ்ச நேரத்திலேயே புஸ்ஸு புஸ்ஸென்று மூச்சுவாங்கியது. அடியில் கையை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கின தோசைக்கல். கரண்ட் ஒயரைப் பிடுங்கச் சொன்னேன். படம் இழுத்து இழுத்து வந்தது. மேசைக் கம்ப்யூட்டரோ அசைபோடுகிற மாடு மாதிரி சத்தமில்லாமல் வேலையை முன்னாலேயே முடித்துவிட்டது. ஏதாவது ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், விலையும் சகாயம் என்றார் கடைக்காரர். "அம்மா சொல்றதுதாங்க சரி. வூட்டுலயே வேலைன்னா டெஸ்க்டாப்தான் லாயக்கு" என்று மருமகளிடமும் சொன்னார்.

ஒவ்வொரு காரணமும் நிஜம். அதுதான் எனக்கு வசதியாகப் போய்விட்டது. சூடு, மூச்சு, விலை என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று.

மருமகள் அந்த லேப்டாப் மூடியை மெதுவாக மூடினாள். கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்திருந்தாள். அப்புறம், "சரிங்க அத்தை" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து இறங்கின பெட்டியைப் பார்த்து, அன்றைக்கு நான் ரெண்டு கரண்டி சோறு கூடவே சாப்பிட்டேன்.

ஆனி மாதம் மழை பெய்து கொட்டாய் சேறாகக் கிடந்தது. வலது முட்டி மடங்கிவிட்டது. விழுந்தேன். மருமகள் வந்து தூக்குகிற வரைக்கும் மாடு ரெண்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. தர்மபுரியில் டாக்டர் முட்டியைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னைத் திட்டிவிட்டு, ஒரு மாதம் தினமும் வந்து பயிற்சி செய்தால் ஆபரேஷன் இல்லாமல் பார்க்கலாம் என்றார். எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறி இறங்குகிற காலா அது? மருமகள் யாருக்கோ போன் பண்ணினாள். அன்று மத்தியானமே ஆட்டோவில் என்னை ஒரு வீட்டில் கொண்டுபோய் இறக்கினாள். என்னைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, ஊரில் மாட்டுக்கு ஏற்பாடு பண்ணி, துணிமணி எடுத்து வருகிறேன் என்று கிளம்பினாள்.

வீட்டுக்கார அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நல்ல பேச்சுக்காரி.

"ஒருவழியா வந்து சேந்தீங்களா! மாசியிலயே உங்க மருமவ போன்ல கேட்டுச்சே. மாமியாருக்கு முட்டி வலிங்க, படி ஏற முடியாது, கீழ ஒக்கார முடியாது, வைத்தியம் பாக்க ஆஸ்பத்திரி பக்கமா ஒரு மாசத்துக்கு வேணும்னு. அந்த கக்கூஸுக்காகத்தான் இந்த வூட்டையே கேட்டுச்சு. அப்புறம் என்னவோ, வேல எடுத்துட்டு வர முடியாதுங்க, இப்ப வேணாம்னு சொல்லிருச்சு."

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கீழ் வீடு எனக்கு. உட்காருகிற கக்கூஸ் எனக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு. மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டது, நானும் கூட வருவேன் என்பதற்காக. 'இன்னும் சொல்லல' என்றது, சொன்னால் நான் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன் என்று பயந்து. அந்த மடக்குக் கம்ப்யூட்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கு.

மறுநாள் உச்சி வெயிலில் அவள் வந்தாள். இடுப்பில் குழந்தையைத் தூக்குவது மாதிரி, போர்வையில் சுற்றின திரை. இன்னொரு கையில் அந்தப் பெட்டி. என் பழைய நூல்சேலையால் சுற்றி, அடுத்த மாட்டுக்கென்று ஆணியில் மாட்டி வைத்திருந்த புதுக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாள். முதுகில் அந்தப் பை. அதில் ஒயர்கள். ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கண்டக்டர் இது என்ன பொணமா என்று கேட்டாராம். சிரித்துக்கொண்டே சொன்னாள். உள்ளங்கையில் கயிறு அறுத்த தடம் சிவப்பாக இருந்தது.

"இஞ்சினியர் வேலய நிறுத்தி வெக்க முடியாதுங்க அத்தை. உங்களையும் விட்டுட்டு இருக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தாள்.

மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். "இத வித்துட்டு அந்த மடக்கறதையே வாங்கிக்க கண்ணு" என்றேன்.

"எதுக்குங்க? நீங்க சரியாத்தான் பாத்தீங்க. இது சூடே ஆவறதில்ல, நல்லா ஓடுது." மானிட்டரை என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். "அப்ப ஏங்க அத்தை நான் எடுத்துட்டுப் போறதுக்குன்னு சொன்னத மட்டும் காதுலயே வாங்கல?"

அவள் கேட்டது சும்மாதான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க என் தலைமாட்டில் அந்த விளக்குப் பெட்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் யாருக்கோ வீடு வரைந்துகொண்டிருந்தாள்.

இப்போது முட்டி பரவாயில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டோம். பெட்டியும் எங்களோடு திரும்பி வந்துவிட்டது. இன்றைக்கும் அவள் போனை எடுத்துக்கொண்டு கொட்டாய்ப் பக்கம் போனால் என் காது தானாக நிமிர்கிறது. பழக்கம் விடுமா? ஆனால் இப்போது ஒட்டுக்கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. "யாரு கண்ணு போன்ல?" என்று நேராகக் கேட்டுவிடுகிறேன். அவளும் சொல்லிவிடுகிறாள்.

முன்பின் தெரியாதவன் மாட்டைக்கூட ரெண்டு வேளை கறந்து பார்த்தபிறகுதான் முடிவு சொல்கிறவள், என் வீட்டுப் பெண்ணை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் முடிவு கட்டிவிட்டேனே! அந்தப் பெட்டியைத் துடைக்கிறபோதெல்லாம் எனக்கு அவள் உள்ளங்கைத் தடம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.