முந்நூறு மைல், இரண்டு மணி நேரம்

ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்ததும் கடிகாரத்திலும் கை வைத்தான். தோக்கியோ நேரத்துக்கு எல்லோரும் முள்ளை ஒன்றரை மணி முன்னே தள்ள வேண்டுமாம். காஜா பெராங்கில் நான் குடியிருந்த அறையின் சொந்தக்காரி ஒரு செட்டி அம்மா; தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் இருந்து மலாயே தாய்மொழியாகிப்போன தமிழ் வம்சம். பயந்துபோய், சாமி அறைக் கடிகாரத்தைத் திருப்ப ஸ்டூலில் ஏறினார். நான்தான் தடுத்தேன். ராகு காலம் சூரியனைப் பார்த்து வருகிறதா, தோக்கியோவைப் பார்த்து வருகிறதா என்று எனக்குத் தெரிந்த மலாயில் சண்டை போட்டேன். உள்ளே சாமி நேரம், வெளியே ஜப்பான் நேரம் என்று அவரும் சிரித்தபடி இறங்கிவிட்டார்.

என் வீட்டுக்காரர் பஸ் பட்டறையில் ஃபிட்டர். அவரைப் பிடித்துக்கொண்டுபோய் வடக்கே அலோர் ஸ்டார் விமானத் திடலில் வேலைக்குப் போட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஒரு கடிதம் கிடையாது. செட்டி அம்மா நல்லவர்தான். ஆனால் சாமி பேரைத் தவிர அவருக்குத் தமிழ் வராது. மனசு விட்டுப் பேச ஆள் இல்லாமல் அடுப்போடு பேசிக்கொண்டிருந்தேன். அடுப்பிலும் தினம் மரவள்ளிக்கிழங்குதான்.

ஒரு சாயங்காலம், என் வீட்டுக்காரரோடு பட்டறையில் இருந்த லாரிக்காரர் ஒருவர், அலோர் ஸ்டாருக்குப் போய்த் திரும்பியவர், வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, அண்ணன நாளைக்கு சிங்கப்பூருக்கு கொண்டு போறானுங்க. காலையில எட்டு மணிக்கு அலோர் ஸ்டார்லேர்ந்து பிளேன் கெளம்புது. முந்நூறு மைலு, ரெண்டு மணி நேரம். பத்து மணிக்கு நம்ம மலாக்காவுல, பத்து பெரண்டாம்ங்கற எடத்துல இருக்கற பிளேன் திடல்ல எறங்கும். எண்ணெய் ஊத்த அரை மணி நேரம் நிக்கும். வேலிகிட்ட வரச் சொன்னாரு."

அன்று எனக்குத் தூக்கம் ஏது? விடிந்ததும் கிழங்கை அவித்து, தேங்காய் துருவிப் போட்டு, இலையில் கட்டினேன். திடலுக்கு ஒன்றரை மணி நேர நடை. சாமி அறைக் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு. இப்போது கிளம்பினால் ஒன்பதரைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

அரை மணி நேரம் நடந்திருப்பேன். ஒரு விமானம் தாழப் பறந்து திடல் பக்கம் இறங்கியது. நம்முடையது வர இன்னும் நேரம் இருக்கிறது என்று என் பாட்டுக்கு நடந்தேன்.

திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வேலிக்கு உள்ளே ஒரு தமிழர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அலோர் ஸ்டார் விமானம் எப்போது வரும் என்று கேட்டேன்.

"அது வந்துட்டுப் போயிருச்சேம்மா. மணி இப்ப பதினொண்ணு."

எட்டு மணி, பத்து மணி என்று லாரிக்காரர் சொன்னதெல்லாம் வெளி நேரம். சந்தோஷத்தில் புத்தி கெட்டு, நான் உள் நேரத்தில் கிளம்பியிருக்கிறேன்.

"ஒரு ஆளு வேலியோரமா நின்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கூப்புடக் கூப்புட ஏறல. அடிச்சுத்தான் ஏத்துனானுங்க" என்றார் அவர்.

சிங்கப்பூர் போனவர் திரும்பவில்லை. ஜப்பான்காரன் போன பிறகும் வரவில்லை. செட்டி அம்மா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இன்னொன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. வழியில் இலைக்கட்டு அவிழ்ந்துவிட்டது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அதைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தபோது, என் தலைக்கு மேலே ஒரு விமானம் தெற்கே போனது. சத்தம் கேட்டது. கிழங்கு ஆறிவிடுமே என்ற அவசரத்தில் நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.