துளைக்க விடாத சுவர்

அருட்செல்வம் அண்ணையை யாராவது குறை சொன்னால் முன்பெல்லாம் நான் சண்டைக்கே போய்விடுவேன். இப்போது அந்த மனிதரைத் திட்டுவதற்கு என்னை விட்டால் ஆளில்லை. திட்டிவிட்டு அழுவதும் நான்தான்.

ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில், லிப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்றில் அவர்கள் மூன்றாம் மாடி, நான் கீழ்மாடி. அண்ணை யாழ்ப்பாணத்து நாரந்தனைக்காரர். இளவயதில் நோர்வேக்கு வந்து, வடக்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில் விரல் விறைக்க நின்று, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டத் தொடங்கியவர். இன்றைக்கும் அதே வேலைதான். தூரத்தில் ஒருத்தர் கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தால் பஸ்ஸை எடுக்கமாட்டார். மேலிடத்தில் பேச்சு வாங்குவார். நத்தார்ப் பண்டிகைக்கு யாராவது லீவு கேட்டால் அவர்களுடைய வேலையையும் இவரே தலையில் போட்டுக்கொள்வார். மாதா கோயில் திருநாள் முடிந்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு நிற்க, இவர் பின்பக்கத்தில் அண்டா கழுவிக்கொண்டு நிற்பார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். முகத்தாட்சண்யம் என்றால் அப்படியொரு முகத்தாட்சண்யம். எதிரில் நிற்பவருடைய முகம் வாடுவதை அவரால் பார்க்கவே முடியாது.

அவருடைய மனைவி அனஸ்ரேசியா அக்கா ஹோட்டல்களில் குளியலறை கழுவியே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். மருந்துத் தண்ணீரின் ஆவி இத்தனை வருசமாக உள்ளே போனால் என்ன ஆகும்? அதற்கு மேல் ஒரு நிமோனியாவும் வந்து போனது. அதன் பிறகு மூன்று மாடி ஏறுவதென்றால் அவருக்கு மலையேறுவது போல. ஒவ்வொரு தட்டிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசியில் இறங்குவதையே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் இரண்டு பேர் பிடித்து இறக்குவோம்.

"உதயா, நான் இப்ப மேல்மாடி மகாராணி. ஆக்கள் என்னை வந்து தரிசிக்கவேணும்" என்று சிரிப்பார். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிடும்.

படி ஏறி இறங்கவும் கூடாது, இப்படியே அடைந்து கிடக்கவும் கூடாது, நெஞ்சு இன்னும் மோசமாகப் போகும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நிலத்தோடு ஒரு வீடு வேண்டும். கதவைத் திறந்தால் வெளியே கால் வைக்கவேண்டும். அண்ணைக்கு அதற்குப் பிறகு வேறு கதையே கிடையாது. ஓய்வு நாளெல்லாம் வீடு பார்க்கப் போனார். இந்த ஊரில் வீடு வாங்குவதென்றால் சும்மாவா? நாங்கள் ஒரு விலை கேட்க, டெலிபோனில் இன்னொருத்தன் அதற்கு மேல் கேட்க, மத்தியானத்துக்குள் வீடு கைமாறிவிடும். ஒவ்வொரு முறையும் தோற்றுப்போய் வந்து, "அது அவ்வளவு நல்ல வீடில்லை" என்று அக்காவுக்குச் சொல்வார்.

அந்த நேரத்தில்தான் ஜோன்சன் வாய் திறந்தார். ஜோன்சனும் நாரந்தனைதான். அண்ணையின் ஒரே மகள் ஷரோனுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தியவர் என்றால் அவர்களுக்குக் கூடப்பிறந்தவரைவிட நெருக்கம். நான் சைவக்காரி, ஆனாலும் அந்த உறவின் கனம் எனக்குத் தெரியும். ஜோன்சனுக்கு ஹொல்ம்லியாவில், சரிவை வெட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு. ஒரே தட்டு. முன்னால் கொஞ்சம் புல்தரை. அவர்கள் லில்லெஸ்ட்ரோமில் மகனுக்குப் பக்கத்தில் போய் இருக்கப்போகிறார்களாம்.

"வெளியாளுக்குக் குடுக்க எனக்கு மனமில்லை, அருள். தங்கச்சிக்கு ஏத்த வீடு. நீங்களே எடுங்கோ" என்றார்.

தரகரும் இல்லை, போட்டியும் இல்லை. முதல் தடவை பார்க்கப் போன அன்று நானும் அக்காவைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். அறைகளையெல்லாம் பார்த்து முடித்து, அண்ணை வெளியே போய்ப் புல்லில் நின்றார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று சிரித்தார். அந்த மனிதருக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஷரோன் மட்டும் பிடிவாதமாக நின்றாள். இங்கே பிறந்து, இங்கே படித்து, நகரசபையில் வேலை செய்கிற பிள்ளை. வீடு வாங்க முன்னம் அதைப் பார்த்துச் சொல்வதற்கென்றே படித்த ஆள் இருக்கிறான், 'தக்ஸ்ட்மான்' என்பார்கள், அவனைக் கூப்பிடாமல் கையெழுத்து வைக்கக்கூடாது என்றாள்.

"ஞானத்தகப்பன்ரை வீட்டுக்குப் பொலிசை அனுப்பிறதோ?" என்று அண்ணை கேட்டார்.

"அப்பா, இது பொலிஸ் இல்லை. அம்மாவை டொக்டரிட்டைக் காட்டிறது போலத்தான். வீட்டையும் காட்டுவம்."

அந்தப் பேச்சில் அண்ணை மடங்கிவிட்டார். இந்தப் பரிசோதனையில் மூன்று தரம் உண்டாம். சும்மா கண்ணால் சுற்றிப் பார்ப்பது ஒன்று. வீட்டைப் பிரித்து மேய்வது இன்னொன்று. ஷரோன் எடுத்தது நடுத்தரம்: கண்ணாலும் பார்ப்பான், கருவியாலும் அளப்பான், ஈரம் வரக்கூடிய ஓரிரு இடத்தில் சுவரைத் துளைத்தும் பார்ப்பான். குளியலறைக்கு அடுத்த அறையில், ஷவருக்கு நேர் பின்பக்கத்துச் சுவரில் தேத்தண்ணீர்க் கோப்பையின் வாயளவுக்கு ஒரு துளை போடுவது இங்கே வழக்கம். பார்த்து முடித்து ஒரு வெள்ளை மூடியால் அடைத்துவிடுவார்கள். யாருக்கும் நட்டமில்லை.

வந்தவன் நெட்டையான, அமைதியான நோர்வேஜியன். சப்பாத்துக்கு நீல உறை மாட்டிக்கொண்டு கூரை, யன்னல், மின்பெட்டி எல்லாம் பார்த்தான். ஜோன்சனின் மனைவி புளோறன்ஸ் மேசை நிறைய ரோல்ஸும் கேக்கும் பரப்பி வைத்திருந்தார். பெண் பார்க்க வந்த வீடு மாதிரி எல்லோரும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டு இருந்தோம். அக்கா கதிரையில் சாய்ந்திருந்தார்.

குளியலறைக்கு அடுத்த அறைக்கு அவன் வந்தான். ஷவருக்குப் பின்பக்கத்துச் சுவர் முழுக்கப் பெரிய திரு இருதய ஆண்டவர் படம். அதற்குக் கீழே சுவரில் அடித்த பலகை, அதில் மாதா சுரூபம், செபமாலைகள், எரிகிற விளக்கு. ஜோன்சனின் தாய் இருந்து செத்த அறை அது.

அவன் படத்தின் ஓரத்தில் கருவியை வைத்தான். அது கீச்சிட்டது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு பக்கம் வைத்தான். அங்கேயும் கீச்சிட்டது. இதைக் கழற்றிவிட்டுத் துளைத்துப் பார்க்கவேண்டும் என்றான்.

புளோறன்ஸின் முகம் செத்துப்போனது. "மாமி கண்மூடினது இந்தப் படத்துக்கு முன்னாலை. பாதர் வந்து மந்திரிச்சு வைச்ச படம். அதைக் கழட்டிப்போட்டு றில் பிடிக்கிறதோ?" என்றார்.

ஜோன்சன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஏன் நிலத்தைப் பார்த்தார் என்று இன்றைக்கும் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அருட்செல்வம் அண்ணை புளோறன்ஸைப் பார்த்தார், ஜோன்சனைப் பார்த்தார், பிறகு அந்த நோர்வேஜியனிடம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். இந்தச் சுவரை விடு, மற்றதைப் பார் என்றார்.

"அப்பா! ஃபுக்த் இருக்கு. ஈரம்! மெஷின் சத்தம் போட்டது கேக்கேல்லையா?" ஷரோன் கத்தினாள்.

"வாயை மூடு பிள்ளை. உன்னைக் கையிலை ஏந்தின மனுசன்ரை வீடு."

வாங்குபவர் நீயா, துளைக்கவேண்டாம் என்று சொல்வது நீயா என்று அவன் இரண்டு தரம் கேட்டான். இரண்டு தரமும் அண்ணை ஓம் என்றார். வாங்குபவர் விருப்பப்படி இந்தச் சுவர் பார்க்கப்படவில்லை என்று எழுதப்போகிறேன், பிறகு குறை சொல்லமுடியாது என்றான். அதற்கும் ஓம்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயிலிருந்த ரோல்ஸ் இறங்கவில்லை. அட கடவுளே, விற்கிறவன் மறிப்பான், இது கேள்விப்பட்ட கதை. வாங்குகிறவனே மறிப்பானா? எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யார் செய்வார்கள்?

கோடை முடியக் குடிபோனார்கள். ஜோன்சன் குடும்பம் படத்தையும் பலகையையும் தங்களோடு கொண்டு போய்விட்டது. படம் இருந்த இடத்தில் சுவர்க் காகிதம் கறுத்துக் கிடந்தது.

"விளக்குப் புகை" என்றார் அண்ணை.

"புகை படத்துக்கு முன்னாலையெல்லோ படியும்? இது படத்துக்குப் பின்னாலை கறுத்திருக்கு, அண்ணை" என்றேன்.

"நீ ஒண்டு, தங்கச்சி" என்றார். தானே வெள்ளைப் பெயின்ற் வாங்கி இரண்டு பூச்சுப் பூசினார். தன் கையாலேயே பூசி மெழுகினார்.

அக்கா தன் கதவால் தானே வெளியே போனார். புரட்டாதி வெயிலில் கதிரை போட்டு இருந்தார். எனக்கு டெலிபோன் எடுத்து, "உதயா, நான் இப்ப புல்லுக்கு மேலை இருக்கிறன்" என்று சொன்னார். அதை நான் மறைக்கவில்லை. அந்த ஒரு மாதம் அவருக்குக் கிடைத்தது.

குளிர் தொடங்கி யன்னல்களைச் சாத்தியதும் வெள்ளைப் பூச்சுக்கு மேலால் கறுப்பு மறுபடி வந்தது. வீடெங்கும் ஈரச் சாக்கு நாற்றம். அக்கா படுப்பதும் அந்த அறையில்தான், குளியலறை கிட்ட என்று. இருமல் கூடியது. பிறகு மூச்சு எடுக்கவே முடியவில்லை. அம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது. பூஞ்சணம் நெஞ்சுக்குள் போய்விட்டது என்றார்கள்.

சுவரைப் பிரித்த வேலையாட்கள் அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினார்களாம். உள்ளே மரம் ஊறி, விரலால் தொட உதிர்ந்ததாம். ஒருநாள் இருநாள் ஈரமில்லை, பல வருசத்து ஈரம். ஷரோன் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தாள். வாங்கியவரே துளைக்கவிடாமல் மறித்திருப்பதால் பிடி இல்லை, விற்றவர் தெரிந்தே மறைத்தார் என்று உங்கள் தகப்பன் சொன்னால்தான் ஏதாவது பார்க்கலாம் என்று அந்த வழக்கறிஞர் சொன்னார்.

அண்ணை சொல்லவில்லை. "ஜோன்சனுக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"அப்பா, உங்களுக்கு அம்மா முக்கியமா, அந்த ஆள் முக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போன ஷரோன் தகப்பனோடு இன்றுவரைக்கும் ஒழுங்காகக் கதைப்பதில்லை. ஜோன்சன் ஒருதரம் முந்திரிகைப் பழக் குலையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "சத்தியமாய் எங்களுக்குத் தெரியாது" என்றார். "ஆஸ்பத்திரியிலை நிண்டு சத்தியம் பண்ணாதேங்கோ" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அண்ணை என்னைத்தான் அதட்டினார். வாசல்வரை போய் ஜோன்சனை அனுப்பிவைத்துவிட்டும் வந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை மூதாளர் இல்லம் ஒன்றுக்கு மாற்றினார்கள். நான் சமையலறையில் வேலை செய்கிற அதே இல்லம். மூக்கில் எந்நேரமும் ஒக்சிசன் குழாய். அண்ணை ஒவ்வொரு நாளும் பஸ்ஸை விட்டுவிட்டு, அந்தச் சாரதி உடுப்போடேயே வந்து பக்கத்தில் இருப்பார்.

போன கிழமை அவர் முகம் தெளிந்து வந்தார். நான் அக்காவுக்குச் சூப் கொண்டு போயிருந்தேன்.

"எல்லாம் புதுசாய்க் கட்டியாச்சு. துளைபோட்டும் பாத்தாச்சு, ஈரம் துளியும் இல்லை. எப்ப வீட்டை வாறீர்?" என்று கேட்டார்.

அக்கா கொஞ்சம் மூச்செடுத்துக்கொண்டு, "நான் அங்கை வரேல்லை" என்றார்.

"ஏன்?"

"முதல் பாக்கப் போன அண்டைக்கே அந்த அறைக்குள்ளை எனக்கு மூச்சு அடைச்சது."

அண்ணை அப்படியே பார்த்தார். "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் வெறுங்காலோடை புல்லிலை நிண்டு சிரிச்சீங்கள். கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான் அப்பிடிச் சிரிப்புக் காணேல்லை. எப்பிடிச் சொல்லுறது?"

"நான் உமக்காகத்தானே..."

"தெரியும்."

எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுப்பவேண்டும் போல இருந்தது. அண்ணை எழும்பி, போர்வையை அக்காவின் தோள்வரை இழுத்துவிட்டு, "குளிருதோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்று அக்கா சிரித்தார்.

சற்று முன்தான் அக்காவின் கைகளைத் தேய்த்துவிட்டிருந்தேன். ஐஸாய் விறைத்துக் கிடந்தன. சொல்ல வாயெடுத்தேன். அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். சூப்புக் கோப்பையை எடுத்துக்கொண்டு பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.