அம்மா கடையை மீட்ட விதம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு நாள் சாப்பாட்டில் கொடுக்கும் இந்தத் தாளில் அம்மாவின் பொறுமையைப் பற்றி எழுதச் சொல்லிப் பலரும் கேட்டார்கள். அம்மா பொறுத்துப் போனவர் அல்லர். போயிருந்தால் நாங்கள் மூவரும் தெருவில் நின்றிருப்போம்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பிறந்து காரிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவர் அம்மா. யுத்தம் தொடங்கிய சமயத்தில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அவர் விட்டுப்போனது கடைவீதியில் ஒரு கடை. அதில் ஓர் எண்ணெய் வியாபாரி வாடகைக்கு இருந்தார். எழுத்து எதுவும் கிடையாது. அந்த வீதியில் யாருக்குமே கிடையாது. விஜயதசமி காலையில் வாடகைக்காரர் வெற்றிலைத் தட்டில் சாவியைக் கொண்டுவந்து நீட்டுவார். கடைக்கு உடையவர் அதை எடுத்துத் திருப்பிக் கொடுப்பார். அடுத்த விஜயதசமி வரைக்கும் அதுதான் ஒப்பந்தம்.

அப்பா போன பிறகு தட்டு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தாலி அறுத்தவள் கையால் சாவி வாங்கினால் வியாபாரம் விளங்காதாம். சாவியைச் சாமி படத்தின் கீழ் வைத்து அவரே எடுத்துக்கொண்டார். மெல்ல மெல்ல வாடகையும் நின்றது. கடையைக் காலி செய்து கொடுங்கள், பலகாரக் கடை வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று அம்மா கேட்டார். எழுத்து இருக்கிறதா, உன் வீட்டுக்காரர் சாகும்போது எனக்கே கொடுத்துவிட்டார் என்று பதில் வந்தது. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதைவிட எரிச்சல் நம் சொந்தக்காரர்கள் மேல். பஞ்சாயத்துக்குத் துணை வரச்சொல்லி அம்மா வீடு வீடாக நடந்தார். பெண்பிள்ளைக்குக் கடை எதற்கு, பிறந்த ஊருக்கே போய்விடு என்றார்கள் பெரியப்பாமார். அவர்கள் வீட்டுத் தாளிப்புக்கு எண்ணெய் எந்தக் கடையிலிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா தனியாகவே மாரியம்மன் கோயில் முன் போய் நின்றார். வியாபாரி சத்தியம் செய்யவும் துணிந்துவிட்டார். அப்போது எதிர்க்கடையில் தகர வேலை செய்த பாய் எழுந்தார். அப்பா படுக்கையில் கிடந்த கடைசி விஜயதசமியிலும் இவர் சாவித் தட்டோடு போனார், நானும் கூடப் போனேன் என்றார். கடை தன்னுடையதாகிவிட்டால் சாவியை ஏன் நீட்டுகிறார்? வியாபாரி சத்தியத்துக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு அம்மா பேசினார்.

"எங் கையி ஆவாதுன்னு சாவி வாங்காம வுட்டாருங்க. சாவி வாங்காதவரு வாடகைக்காரரே இல்லீங்க. இதுக்கு நீங்க தலையாட்டினா, நாளைக்கு உங்க கடையிலயும் சாமி படத்துக்குக் கீழ சாவிய வெச்சுட்டுக் குந்திக்குவாங்க."

பஞ்சாயத்தில் இருந்த, கடை உடையவர்களின் முகம் மாறியது. அம்மா மேல் இரக்கம் ஒன்றுமில்லை. அவரவர் கடை பற்றிய பயம். அடுத்த சந்தைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். வியாபாரி போகும்போது கதவுப் பலகையில் இரண்டைக் கழற்றிக்கொண்டுதான் போனார்.

அந்தக் கடையில் பணியாரமும் போண்டாவும் விற்றே அம்மா எங்களைக் கரை சேர்த்தார். கால் வீங்கிப் படுக்கும்வரை அடுப்படியை விடவில்லை. தூக்கத்திலேயே அமைதியாகப் போனார்.

உறவினர் அனைவருக்கும் நன்றி என்று கடைசியில் போடச் சொன்னார்கள். எனக்குக் கை வரவில்லை. அன்று அம்மாவுக்காக வாய் திறந்தவர் அந்தப் பாய் ஒருவர்தான். அவர் இன்று இல்லை. அவர் பிள்ளைகளை வணங்கி நன்றி சொல்கிறோம். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அதுவும் அம்மா கடையில் சம்பாதித்த சோறுதான்.