வாடை வந்த விமானத்தில் என் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை

என் மகள் மூச்சுக்குத் திணறியதை ஆகாயத்தில் வைத்துப் பார்த்தவள் நான். அங்கே கர்த்தர் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவளாவேன்.

நான் கோபக்காரி. இராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறியில் பத்து வருடம் நின்றேன். அந்தச் சத்தத்தில் கத்திப் பேசியே பழகிய வாய்.

1993, மே மாதம். வளைகுடாவில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரிடம் இரண்டு மாதம் இருந்துவிட்டு, மூன்று பேருமாக ஊருக்குத் திரும்பினோம். மகள் ஸ்டெல்லாவுக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே மூச்சிளைப்பு.

விமானம் மேலே ஏறியதும் ஒரு வாடை வந்தது. துவைக்காத சாக்ஸ் வாடை. திரும்பினால் இவர் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஏங்க, சாக்ஸத் தொவைச்சு எம்புட்டு நாளாச்சு? பிள்ளைக்கு மூச்சு முட்டுது. போய்க் காலக் கழுவிட்டு வாங்க."

முன் சீட்டில் சிரித்தார்கள். அவர் எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்தார். சாக்ஸைப் பையில் போட்டு முடிந்தும் வைத்தார்.

வாடை கூடியது. ஸ்டெல்லா கண் எரிகிறது என்று அழுதாள், இருமினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாடை தலைக்கு மேலே காற்று வருகிற துளையிலிருந்து வந்தது. மோட்டாரில் எண்ணெய் காய்ந்தால் வருகிற வாடை.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். தமிழ்ப் பெண்தான். சாப்பாடு சூடாக்குகிறோம், அதுதான் என்றாள். நான் கத்தினேன். புருஷனைத் திட்டியவள் இப்போது என்னிடம் வந்துவிட்டாள் என்பது போலப் பார்த்துவிட்டுப் போனாள். கையோடு கொண்டுவந்த மருந்தைக் கொடுத்தும் பிள்ளைக்கு இழுப்பு நிற்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது.

உடைந்துபோனேன். "கர்த்தாவே, என் வாயை யாரும் நம்பவில்லை. என் பிள்ளையை விட்டுவிடாதேயும்" என்று அவளை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன்.

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். வெறுங்காலோடு அந்தப் பெண்ணிடம் போனார்.

"என் சம்சாரம் கோபக்காரிதாம்மா. ஆனா தறி ஷெட்டுல வாடைய வச்சே எந்த மோட்டார் சூடாகுதுன்னு சொல்லிருவா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். கேப்டன்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

அவள் உள்ளே போனாள். பிறகு ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது. ஒரு இன்ஜினிலிருந்து உள்ளே வருகிற காற்றில் எண்ணெய்ப் புகை கலந்ததால் அதை அடைத்துவிட்டதாகவும், வழியில் பம்பாயில் இறங்கப்போவதாகவும் விமானி அறிவித்தார். கொஞ்சம் கொஞ்சமாக வாடை குறைந்தது. பம்பாயில் டாக்டர் ஊசி போட்டார். பிள்ளையின் மூச்சு சீரானது.

என் வீட்டுக்காரர் மடியில் ஸ்டெல்லா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஆரம்பித்தேன். "எல்லார் முன்னாடியும் உங்கள அப்படி..."

"விடு. மெதுவாப் பேசு, பிள்ள முழிச்சிரும்."

ஏழு வருடக் குடித்தனத்தில் முதல்முறையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். நான் யாரைத் தலைகுனிய வைத்தேனோ, அவர் வாயாலேயே ஆண்டவர் என் பிள்ளையைக் காப்பாற்றினார்.

கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பேர் முன்னால் என் வீட்டுக்காரரை ஒரு சொல் சொல்வதில்லை. தினமும் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன்.

பிள்ளைக்காகப் பயந்துபோய் இருக்கிறவர்களே, கர்த்தரை நம்பிக் கேளுங்கள். தனியாக ஜெபிக்கத் தெம்பில்லையென்றால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். சேர்ந்து முழங்கால் போடுவோம். யாரையும் திட்ட மாட்டேன்.